சிவக்காத சோதனைக் குழாய்

மூன்று வருடம் இருக்கும். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அதற்கு முன் கப்பலூரில் ஒரு கம்பெனியில் போல்ட், நட்டுகளை அளந்து பாஸ், ரிஜெக்ட் போட்டுக்கொண்டிருந்தவன். இங்கேயும் அதே வேலைதான் என்று நினைத்தேன். தண்ணீரில் நைட்ரேட் அதிகமிருந்தால் சிவப்பாக மாறுகிற மாதிரி எங்கள் குழு ஒரு பாக்டீரியாவை வடிவமைத்திருந்தது. அதற்குச் சோதனை விதி எழுதியது நான். சிவந்தால் ரிஜெக்ட், சிவக்காவிட்டால் பாஸ். இரண்டே வரி. "பாக்டீரியாவுக்கே முத்திரை குத்துற ஆளுப்பா நீ" என்று கூட வேலை பார்த்தவர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

ஆய்வகத்தைச் சுத்தம் செய்யும் அக்காவுக்கு வீடு அவனியாபுரம். ஒருநாள் பாட்டிலில் தண்ணீரோடு வந்தார். "தம்பி, எங்க போர் தண்ணி. மகளுக்குத் தாய்ப்பால் பத்தல. பேத்திக்கு இதுல பவுடர் பால் கலக்கலாமான்னு பாத்துச் சொல்லுங்களேன்" என்றார். அதுவரை கேன் தண்ணீரில்தான் கலக்கிக்கொண்டிருந்தார்கள்.

அதை எங்கள் பாக்டீரியா இருந்த குழாயில் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்து, மறுநாள் காலையில் பார்த்தேன். குழாய் சிவக்கவில்லை, கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. "நல்ல தண்ணிக்கா, தாராளமா கலக்குங்க" என்றேன். அக்கா அங்கேயே மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, வேலை முடிந்து மத்தியானம் கிளம்பினார்.

மூன்று மணி வாக்கில் குழாய்களைக் கழுவ எடுத்தபோதுதான் உறைத்தது. சிவக்காத மற்ற குழாய்கள் எல்லாம் அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கியிருந்தன. உயிருள்ள பாக்டீரியா ராத்திரியில் பெருகினால் அப்படித்தான் கலங்கும். அக்காவின் குழாய் மட்டும் தெளிவு. அவர் கொண்டுவந்த பாட்டில் மூடியைத் திறந்து மோந்தேன். பிளீச்சிங் பவுடர் வாடை. என் பாக்டீரியா செத்துப்போயிருந்தது. செத்தது எப்படிச் சிவக்கும்?

கைக்குழந்தைக்கு நைட்ரேட் ஆகாது, உதடு நீலம் பாரித்துவிடும். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். அக்கா போனை எடுக்கவில்லை. பைக்கை எடுத்தேன். ரிங் ரோடு முழுக்க, "ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன்.

வாசலில் அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். "ஒரு தடவ குடுத்தாச்சே தம்பி" என்றார். அவர் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். மூன்று பேரும் வெயிலில் நின்று அந்தப் பிஞ்சு உதட்டையே பார்த்தோம். நீலமா, இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் பார்த்துவிட்டு, குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது, இனிமேல் அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "காலேஜுக்குக் கொண்டு போறோமே, அழுக்குப் பாட்டில்னு யாரும் சொல்லிறக் கூடாதுன்னு பிளீச்சிங் போட்டுக் கழுவுனேன். என் தப்புத்தான் தம்பி" என்றார். திட்டியிருந்தால்கூட அம்புட்டு வலித்திருக்காது. பாட்டிலை எதில் கழுவினீர்கள் என்று கேட்காதது நான். அதைக் கேட்க என் விதியில் ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் நானே போய்ச் சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து வைத்தேன். அடுத்த நாள் காலை அது ரத்தச் சிவப்பாக நின்றது.

இப்போது எந்தத் தண்ணீர் வந்தாலும் பக்கத்திலேயே இன்னொரு குழாயில் அதே தண்ணீரோடு நைட்ரேட்டை நானே கலந்து வைக்கிறேன். பாக்டீரியா உயிரோடிருந்தால் அது சிவந்தே ஆக வேண்டும்; சிவக்காமல் போனால் வாயைத் திறப்பதில்லை. இரும்பை அளக்கிற கருவி அளக்கும்போது சாகாது, உயிருள்ள கருவி சாகும் என்பதை, ஒரு குழந்தையின் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுதான் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.