கதவின் பின்னால் ஒரு கொக்கி

இப்போது கராச்சர்மா அலுவலகத்தில் இருந்தபடியே எல்லாவற்றையும் கைபேசியில் பதிவு செய்கிறோம். அப்போது இந்தத் தீவில் பெரார்கஞ்ச் பக்கம் எந்த வீட்டுக் கதவின் பின்னாலும் ஒரு சாக்பீஸ் குறி இருக்கும். தேதி, அதன் கீழே கொக்கிபோல் வளைந்த கையெழுத்து. காய்ச்சல் விசாரித்து, விரலில் குத்தி ரத்தம் எடுத்தபின் மலேரியா சார் போட்டுவிட்டுப் போவது. எங்களை அனுப்பும் தில்லி சுகாதார நிறுவனத்தின் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. சாரைத் தெரியும், அவ்வளவுதான்.

விடுப்பில் மெயின்லேண்ட் போன இடத்தில் சார் இறந்துபோனார். அவர் இடத்துக்கு நான் வந்தேன். அடையாள அட்டையைக் காட்டினால் எல்லாக் கதவும் திறக்கும் என்று நம்பிய அசடு நான். பாக்குத் தோட்டத்து ஓரம் ஒரு வீட்டில் நாலு வயதுப் பிள்ளை அனலாகக் கொதித்துக் கிடந்தது. தாய் விரலைத் தொடவே விடவில்லை.

“தில்லிக்காரங்கள நமக்கு என்ன மாலும், என்ன தெரியும் மேடம்? சார் வரட்டும்.”

இறந்த செய்தி இவளுக்கு எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரத்தில், கதவில் அன்றைய தேதியை எழுதி சாரின் கொக்கியைப் போட்டேன். “சார் வந்துட்டுப் போயிட்டாரு, பாருங்க” என்றேன். அவள் முகம் வெளுத்தது. பிள்ளையின் விரலை நீட்டினாள். மலேரியாதான். பதினாலு நாள் மாத்திரை கொடுத்தேன். பிள்ளை எழுந்து ஓடுகிறது என்று கேள்விப்பட்டபோது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த மாதம் போனால், கதவில் புதிய குறி. அன்றைய தேதி. நான் சாக்பீஸை இன்னும் வெளியே எடுக்கவே இல்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். சாரின் கொக்கி வலப்பக்கம் வளையும். அவசரத்தில் நான் இடப்பக்கம் வளைத்திருந்தேன். இதுவும் இடப்பக்கமே வளைந்திருந்தது. அடியில் அழித்த தேதிகளின் தடம். என்னுடையதைப் பார்த்து அவளே தினமும் அழித்து எழுதியிருக்கிறாள். மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினேன்; குறி இருந்தால் போதும் என்று நாலாம் நாளே நிறுத்திவிட்டாள். உள்ளே பிள்ளை மறுபடி நடுங்கிக்கொண்டிருந்தது.

சார் இறந்துவிட்டார், அன்றைக்கு எழுதியது நான்தான் என்று அழாத குறையாகச் சொன்னேன்.

“சார் செத்தது அப்பவே தெரியும் மேடம். செத்தவரே வந்து எழுதிட்டுப் போயிருக்காரேன்னுதான் புள்ளை கையக் குடுத்தேன். நீங்கன்னு தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டுப் பிள்ளையின் விரலைப் பிடித்து நீட்டினாள். என் பக்கம் அல்ல, கதவில் இருந்த கொக்கியின் பக்கம்.