கேரவனில் நாறிய இறால்

என் அக்காவின் கணவர், எங்கள் அத்தானுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. சென்ற கோடையில் அவருடைய கேரவனை, அந்தச் சக்கர வீட்டை, காரின் பின்னால் பூட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு எங்கள் ஊரான கிங்ஸ்பரியிலிருந்து கடற்கரை முகாமுக்குப் புறப்பட்டோம். பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்ச இறாலும் நண்டும் வாங்கியிருந்தேன்.

"அத்தான், கேரவன் பிரிட்ஜை நேற்றே போட்டுக் குளிர வைச்சிருக்க வேணுமெல்லோ?" என்று கேட்டேன்.

"ஜேர்மனியில பதினைஞ்சு வருஷம் கேரவன் இழுத்தனான். கார் ஓட ஓட அது தானாக் குளிரும்" என்றார்.

ஆறு மணி நேர நெரிசலுக்குப் பிறகு பிரிட்ஜைத் திறந்தால் குப்பென்று நாற்றம். ஓடும் காரின் மின்சாரம் குளிர்ந்ததைக் காக்குமே தவிர, சூடாக இருக்கும் பிரிட்ஜைக் குளிர்விக்காதாம்.

"கூழுக்குப் புளியைக் கூடுதலா விட்டுக் கொதிக்க வைச்சால் எல்லாம் சரிவரும்" என்றார் மேதை. பிள்ளைகள் வாயில் படாமல் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன். அதற்குள் அத்தான் வீம்புக்கு நாலு இறாலைப் பொரித்துத் தின்றுவிட்டார். அங்கே தங்கிய இரண்டு நாளும் முகாமின் கழிப்பறையே அவருக்கு வீடு.

பிரிட்ஜ் இப்போது என் பொறுப்பு. பயணத்துக்கு முதல் நாளே வீட்டு மின்சாரத்தில் குளிர வைத்து, இறாலையும் உறைய வைத்தே ஏற்றுகிறேன். உள்ளே வெப்பமானி இருக்கிறது. ஐந்து பாகை செல்சியஸைத் தாண்டிக் கிடந்த இறால் சட்டிக்குள் போகாது. புளியை மட்டும் அத்தானின் மடியில் வைத்துவிடுகிறேன். அதைக் குளிர வைக்கத் தேவையில்லை. எத்தனை வருடமானாலும் மாறாது, அவரைப் போல.