சரோஜாவோட நல்ல கையை ஏன் கட்டி வச்சாங்க

போன மாசி மாசம் என் சம்சாரம் சரோஜா தேயிலை மலையில கொழுந்து எடுக்கிறப்ப கூடையோட விழுந்தா. வழுக்கி விழுந்துட்டான்னுதான் பக்கத்து நெரையில இருந்த பொம்பளைங்க நினைச்சாங்க. தூக்கி உக்கார வச்சா வாய் ஒரு பக்கமா கோணிப் போயிருக்கு. வலது கையும் வலது காலும் அவளோடது இல்லாத மாதிரி தொங்குது. நான் பேக்டரியில இருந்து ஓடி வந்து "சரோஜா, சரோஜா"ன்னு கத்துறேன். என்னப் பாக்குறா, ஒரு சத்தம் வரல.

முத்துமாரி சன்னதியில நிக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். அன்னைக்கு ராத்திரி எனக்குக் கும்பிடக்கூட தோணல. என் கதை முடிஞ்சதுன்னுதான் உக்காந்திருந்தேன்.

பெரியாஸ்பத்திரியில உசுரக் காப்பாத்திட்டாங்க. மூளையில ரத்தக் குழாய் அடைச்சிருச்சாம். பெரிய டாக்டர் தமிழ்லயே சொன்னாரு: "உசுருக்கு பயமில்ல. ஆனா கையும் பேச்சும் திரும்பி வர்றதுன்னா இந்த முதல் கொஞ்ச மாசத்துலதான் நல்லா வரும். இத விட்டா கஷ்டம்." அதுக்குன்னே தனியா ஒரு புனர்வாழ்வு ஆஸ்பத்திரி இருக்கு, அங்க அனுப்புறோம்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. புனர்வாழ்வுன்னா போதைத்தூள் அடிக்கிறவங்கள அடைச்சு வைக்கிற இடம்னுதான் நான் கேள்விப்பட்டிருக்கேன். கொழுந்து எடுக்கிறவள அங்க ஏன் அனுப்பணும்?

என் குணம் உங்களுக்குத் தெரியும். மீன் வாங்கினா செவுளத் தூக்கிப் பாப்பேன். தண்ணிக்கழிவு, கூடைக்கழிவுன்னு கொழுந்து நிறுக்கிற தராசுலயே கிலோவ வெட்டுறதப் பாத்துப் பாத்து வளந்தவன் நான். எவனாச்சும் சிரிச்சுப் பேசினா, இவனுக்கு என்ன வேணும்னுதான் முதல்ல யோசிப்பேன். அப்படிப்பட்டவன் பொண்டாட்டியத் தூரத்துல ஒரு ஆஸ்பத்திரியில விட்டுட்டு தலவாக்கலை பஸ்ல திரும்பி வர்றேன். எப்படி இருந்திருக்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க.

முதல் தடவ பாக்கப் போனப்பயே என் சந்தேகத்துக்குத் தீனி கிடைச்சிருச்சு. சரோஜா கட்டில்ல உக்காந்திருக்கா. முன்னால சோத்துத் தட்டு. அவளோட நல்ல கை இருக்கே, இடது கை, அத ஒரு தடிச்ச துணி உறைக்குள்ள போட்டு மணிக்கட்டுல கட்டி வச்சிருக்காங்க. விழுந்த கையால சோத்த எடுக்கப் பாக்குறா. பாதி மடியில கொட்டுது. கண்ணுல தண்ணி ஓடுது. பக்கத்துல நர்சுங்க சிங்களத்துல ஏதோ பேசிச் சிரிக்கிறாங்க.

எனக்கு உச்சி மண்டையில ஏறிருச்சு. நான் கொண்டு போன ரொட்டியப் பிச்சு, தேங்காச் சம்பல்ல தொட்டு அவ வாயில வச்சேன். எங்கிருந்துதான் வந்தாங்களோ, பயிற்சி குடுக்கிற மிஸ் ஒருத்தங்க வந்து என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க. சின்ன வயசு, சிங்களப் புள்ள, உடைஞ்ச தமிழ் பேசுறாங்க. "ஐயா, ஊட்ட வேணாம். அம்மா தானே சாப்பிடணும். நல்ல கை சும்மா இருந்தாத்தான் மத்த கை வேலை படிக்கும்"னு சொன்னாங்க.

சொல்றது கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அதனாலயே நான் நம்பல. தோட்டத்து ஆளுங்கதான, கேக்க ஆள் கிடையாது, ஊட்டி விடுற வேலை மிச்சம்னு கட்டிப் போட்டிருக்காங்கன்னு முடிவே பண்ணிட்டேன். சரோஜாகிட்ட குனிஞ்சு, "அடிக்கிறாங்களா?"ன்னு கேட்டேன். இல்லன்னு தலைய ஆட்டினா. பயந்துக்கிட்டு சொல்றான்னு அதையும் நம்பல.

அப்புறம் போன போதெல்லாம் இதே கதைதான். அவளுக்கு முன்னால கலர் பாசிமணிய வச்சு கோக்கச் சொல்றாங்க. உடுப்புக் காயப்போடுற கிளிப்ப கம்பியில மாட்டச் சொல்றாங்க. சரோஜா அதத் தொடவே மாட்டா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அழுவா. ஒரு நாள் என்னால பொறுக்க முடியல. ஆஸ்பத்திரி வாட்டுல எல்லாரும் பாக்க அந்த மிஸ்கிட்ட சத்தம் போட்டேன். "அவ என்ன நர்சரிப் புள்ளயா? கொழுந்து எடுக்கிறவ! ரெண்டு கையும் ஓடுற ஓட்டத்துல அவகூட நெரை பிடிக்க எவளும் வர மாட்டா. அவள உக்கார வச்சு பாசி கோக்கச் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

அந்த மிஸ் கோவப்படல. அப்புறம் ஒரு பேப்பர எடுத்துக்கிட்டு, "எப்படி எடுப்பாங்க ஐயா? கூடைய எங்க மாட்டுவாங்க? எந்த விரல் முதல்ல போகும்?"னு ஒவ்வொண்ணா கேட்டு எழுதிக்கிட்டாங்க. கோவத்துல நானும் சொல்லிட்டேன். வெளியில வந்து பஸ்ல ஏறின பொறகுதான் பக்குன்னு ஆச்சு. இவங்க இத எதுக்கு எழுதுறாங்க? தோட்டத்து ஆபீசுக்கு அனுப்பத்தான! இனி இவளால கொழுந்து எடுக்க முடியாதுன்னு எழுதிக் குடுத்தா, தோட்டத்து துரை வேலையில இருந்து அவ பேர வெட்டிருவாரு. என் வாயாலயே என் பொண்டாட்டிக்கு குழி வெட்டிட்டனேன்னு வழி நெடுக பொலம்பிக்கிட்டே வந்தேன்.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், ஆஸ்பத்திரியில டிக்கட் வெட்டி டிஸ்சார்ஜ் பண்ணச் சொல்லி அவள வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துறதுன்னு. பூண்டுலோயாவுல ஒரு வைத்தியரு இருக்காரு, எண்ணெய் தடவி விடுவாரு. நோகாம நம்ம லயத்து வீட்டுக் காம்பராவுல படுத்திருக்கட்டும், நானே ஊட்டி விட்டுக்கிறேன். சரோஜாவோட தம்பி செல்வராசு, உங்களுக்குத் தெரியுமே, அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "மச்சான், டாக்டர் சொன்னத மறந்துறாதீங்க. இந்த மாசங்க போனா திரும்பி வராது. அக்கா ஆயுசுக்கும் இப்படியே கிடக்கணுமா?"ன்னான். "நீ ஒரு நாள் வந்து அவ அழுறதப் பாரு, அப்ப பேசு"ன்னு விரட்டி விட்டுட்டேன்.

ஆனா மனசு கேக்கல. கூட்டிட்டு வந்து, அவ கை அப்படியே நின்னு போச்சுன்னா? அங்கயே விட்டு, அவங்க ஏதாச்சும் பண்ணிட்டாங்கன்னா? யாரக் கேப்பேன்? அதுதான் அன்னைக்கு இந்த சன்னதிக்கு ஓடி வந்தேன், பூ கட்டிப் பாக்க.

சிவப்பு வந்தா ஆஸ்பத்திரி, வெள்ளை வந்தா வீடு. பூசாரி ஐயா ரெண்டு பூவையும் தனித்தனிப் பொட்டலமா கட்டி அம்மா காலடியில போட்டாங்க. நான் ஒண்ணு எடுத்தேன். சிவப்பு. "தெளிவா சொல்லிட்டா, கிளம்பு"ன்னாங்க ஐயா. நான் கிளம்பல. திரும்பக் கட்டச் சொன்னேன். திரும்பவும் சிவப்பு! எனக்கு உடனே பூசாரி மேல சந்தேகம். ஐயா மன்னிக்கணும், இங்கதான் உக்காந்திருக்காங்க. ரெண்டுலயும் சிவப்பையே வச்சுக் கட்டிட்டாங்கன்னு நினைச்சு, மத்தப் பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்தேன். வெள்ளை. "அடப்பாவி, என்னையுமா?"ன்னு ஐயா தலையில அடிச்சுக்கிட்டாங்க. இப்ப சிரிக்கிறாங்க பாருங்க, அன்னைக்கு சிரிக்கல.

ஐயா போன பொறகு நான் தனியா நின்னு அம்மாகிட்ட சண்ட போட்டேன். அழுதுக்கிட்டேதான் சண்ட போட்டேன். "நீயும் அவங்க பக்கமா? சரி, நீ சொன்னதுக்காக விடுறேன். ஆனா பூவெல்லாம் எனக்குப் பத்தாது தாயே. அவள அங்க என்ன பண்றாங்கன்னு என் கண்ணால நான் பாக்கணும். அவங்களக் கையும் களவுமா எனக்குப் பிடிச்சுக் குடு." இதுதான் என் வேண்டுதல். நல்ல வேண்டுதல்னு சொல்ல வரல. அதுதான் வாயில வந்துச்சு.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிட்டேன். பாக்க விடுற நேரம் பகலைக்கு மேலதான். நான் வேணும்னுதான் காலையிலயே போனேன், சொல்லாம கொள்ளாம போனாத்தான உண்மை தெரியும். கேட்ல ஒரு செக்குரிட்டி இருக்காரு, எமகாதகன், ஒரு நிமிசம் முந்திப் போனாக்கூட விட மாட்டாரு. அன்னைக்குப் பாத்து ஒரு த்ரீவீல்காரனோட அவருக்கு வாய்ச்சண்ட. நான் பாட்டுக்கு உள்ள போயிட்டேன். அது யாரு பண்ண வேலைன்னு நான் சொல்லணுமா?

வாட்டுக் கதவு சாத்தியிருந்துச்சு. கட்டடத்தச் சுத்திப் பின்பக்கம் போனேன். அங்க கவ்வாத்து வெட்டாம மரமா வளந்துபோன பழைய தேயிலை கொஞ்சம் நிக்குது. தண்ணி டாங்கிக்குப் பின்னால மறைஞ்சுக்கிட்டு எட்டிப் பாத்தேன்.

கூரைக்குக் கீழ சரோஜா சக்கர நாக்காலியில உக்காந்திருக்கா. இடது கை அதே உறைக்குள்ள. அவளுக்கு முன்னால ஒரு வாளி, அது நிறைய வெட்டி வச்ச தேயிலைக் கொப்பு. மடியில ஒரு பேசின். அந்த மிஸ் எதிர்ல ஒரு ஸ்டூல்ல உக்காந்திருக்காங்க. எப்படி தெரியுமா? தன்னோட ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அமுக்கிக்கிட்டு. உதவி பண்ணப் போயிருவோம்னு அவங்களுக்கே பயம் போல.

சரோஜாவோட வலது கை மெதுவா, மெதுவா மேல போகுது. கொப்பப் பிடிக்குது. வழுக்குது. மறுபடியும் போகுது. அவ மூஞ்சியில அழுகை இல்ல. மலையில மழை வர்றதுக்குள்ள நெரைய முடிக்கணும்னு நிக்கிறப்ப ஒரு மூஞ்சி வச்சுப்பா, அந்த மூஞ்சி. ஓடிப்போய் அந்த இலையப் பிச்சு அவ கையில குடுத்துறணும்னு எனக்குக் காலு துடிக்குது. எப்படியோ நின்னுட்டேன்.

இலை ஒடிஞ்சது. கொழுந்து கூட இல்ல, முத்தின இலை. அது நடுங்கி நடுங்கி வந்து பேசின்ல விழுந்துச்சு. சரோஜா அதயே பாத்தா. அப்புறம் வாயத் திறந்தா.

"பொ... பொலி."

நம்ம பொம்பளைங்க தினம் காலையில முதல் பிடி கொழுந்தக் கூடையில போடுறப்ப, நிறையட்டும்னு சொல்லுவாங்களே, அது. விழுந்த நாள்ல இருந்து ஒரு வார்த்த ஒழுங்கா வராதவ, கழுத்து நரம்பு புடைக்க திரும்பச் சொல்றா: "பொலி! பொலியோ பொலி!" அந்த மிஸ்ஸுக்கு ஒண்ணும் புரியல. ஆனாலும் கையை வெளிய எடுத்துத் தட்டுறாங்க, கண்ணுல தண்ணி.

நான் தண்ணி டாங்கிக்குப் பின்னாலயே மண்ணுல உக்காந்து ஓன்னு அழுதுட்டேன். சத்தம் கேட்டு ஒரு அட்டெண்டன் ஓடி வந்து, "ஹொரா! ஹொரா!"ன்னு என் சட்டைக் காலரப் பிடிச்சுத் தூக்கிட்டான். திருடனாம். நான் கையும் களவுமா பிடிச்சுக் குடுன்னு கேட்டேன், அம்மா பிடிச்சுக் குடுத்துட்டா, என்னைத்தான்! தரதரன்னு முன்னால இழுத்துட்டுப் போனான். சரோஜா பாத்தா. சிரிப்பு பாதி வாயிலதான் வந்துச்சு. அந்தக் குழறுன நாக்க வச்சுக்கிட்டு, "அது... என் ஆளு"ன்னா.

அம்மா தாயே, அந்த ரெண்டு மூணு வார்த்தைக்கு நான் எத்தன மொட்ட போட்டாலும் தகும்.

மிஸ் என்னை உக்கார வச்சு தேத்தண்ணி குடுத்தாங்க. "நீங்கதான ஐயா சொன்னீங்க, பாசிமணி வேணாம், அம்மா கொழுந்து எடுக்கிறவங்கன்னு. அதுதான் எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டேன். நேத்துத்தான் இங்க வேலை ஆளுங்க கொப்பு வெட்டித் தந்தாங்க"ன்னாங்க. நான் திட்டுன திட்டு அது. பழி போட்ட பேச்சு. அதையே மருந்தாக்கிட்டா அந்த மகமாயி. அவளத் தவிர யாருக்கு இது வரும்?

டிக்கட் வெட்டச் சொல்லி நான் கேக்கவே இல்ல. அவங்களா வெட்டி அனுப்புற வரைக்கும் சரோஜா அங்கதான் இருந்தா. இப்ப கம்பு பிடிச்சு நடக்குறா. பேச்சு மெதுவா வருது, என்னத் திட்டுற அளவுக்கு வந்துருச்சு. பழைய மாதிரி மலையில நெரை பிடிக்க முடியாது, அது எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். வருத்தம் இல்லன்னு சொன்னா பொய். ஆனா தலைய அவளே சீவிக்கிறா. ரொட்டி தட்டுறா, கோணல் மாணலா வருது, நான் சாப்பிடுறேன்.

அவ தண்ணிக் குடத்தோட தள்ளாடுறப்ப நான் கையக் கட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கேன்ல, அதப் பாத்துட்டு லயத்துல பேசிக்கிறதும் என் காதுல விழுது. "படுத்தவள வேலை வாங்குறான் பாரு, கல்நெஞ்சன்." பேசுங்க, பரவால்ல. உள்ளுக்குள்ள நான் துடிக்கிறது அவளுக்குத் தெரியும், மாரிக்குத் தெரியும்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லிக்கிறேன். இங்க வர்றதுன்னா சந்தேகத்தையெல்லாம் வீட்டுல வச்சிட்டு வரணும்னு நினைக்காதீங்க. எனக்கு இன்னும் போகல. அதையும் தூக்கிட்டே வாங்க. அவகிட்ட சண்ட போடுங்க, காட்டுன்னு கேளுங்க. ஆனா அவ காட்டுறப்ப கண்ண மூடிக்காதீங்க, நீங்க கேட்ட மாதிரி இல்லாட்டியும் நின்னு பாருங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச பக்தி.

இன்னைக்கு பூசாரி ஐயா ஒரு சம்மதம் குடுத்திருக்காங்க. உங்க எல்லாருக்கும் சரோஜா கையாலதான் திருநீறு. வலது கையாலதான். நேரம் எடுக்கும். சிந்தும், சிந்தட்டும். யாரும் அவசரப்பட்டு தட்டுல கை வைக்காதீங்க, பாவமேன்னு தட்டத் தாங்கிப் பிடிக்கப் போகாதீங்க. கைய நீட்டிக்கிட்டு காத்திருங்க, ஒவ்வொருத்தருக்கும் அவளே தருவா.

சரோஜா, வா. நான் தூக்க மாட்டேன். நீயே எந்திரிச்சு வா.