கோழிக்குஞ்சுப் பெட்டிக்கு ஒரு தெர்மோஸ்டாட்

பயந்தாங்கொள்ளி என்று என்னை யாராவது சொன்னால் கோபம் வராது. உண்மையைத்தானே சொல்கிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்தேன். ஒரு மாசி மாதம், எறையூரில் கரும்பு வெட்டியவர்கள் ஒரு கண்ணாடி விரியனைப் பானையில் அடைத்து எங்கள் பேராசிரியரிடம் கொண்டுவந்தார்கள். பார்த்ததுமே சார், "வயித்துல குட்டி இருக்குய்யா. இந்தப் பனி தாங்காது" என்றார்.

கண்ணாடிப் பெட்டி செய்தாயிற்று. உள்ளே சூட்டுக்கு ஒரு பல்பு. சூடு மிஞ்சினால் பல்பை அணைக்கவும், குறைந்தால் எரியவிடவும் ஒரு தெர்மோஸ்டாட் வேண்டும். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன் நான்தான். "பாத்து நல்லதா வாங்கிட்டு வாய்யா" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் பாம்பை அடிக்கவும் கூடாது, அடைக்கவும் கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள் எங்கள் பக்கம். அதனால் பாம்பைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் பெரம்பலூரில் அந்தச் சாமான் கிடைத்த ஒரே கடை அவளுடைய பெரியப்பாவுடையது. என் நேரம்!

அவர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் நீளமான செம்புக் குழாய். குழாயின் முனை மட்டும் பெட்டிக்குள் போகும், திருகுகிற குமிழ் வெளியே இருக்கும். இன்னொன்று தீப்பெட்டி அளவு. அது முழுதும் உள்ளேதான் இருக்கும், சூட்டைக் கூட்டக் குறைக்கக் கையை உள்ளே விட வேண்டும்.

"எதுக்கு மாப்ள?"

"கோழிக்குஞ்சுப் பொட்டிக்கு மாமா."

"குஞ்சுக்கா? அப்ப சின்னதே போதும். கைய வுட்டுத் திருகிக்கலாம், குஞ்சு என்ன கடிக்கவா போவுது?"

பெரியதே கொடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று கேட்பாரே! தலையை ஆட்டிவிட்டு வாங்கி வந்தேன், மடையன்.

அதைப் பொருத்திப் பாம்பை இறக்கிய பிறகுதான் தெரிந்தது, சூடு மிஞ்சிப் போகிறது. விரியன் பல்புக்கு எட்டாத மூலையில் ஒண்டிக் கிடந்தது. "வெளிய தூக்கினா குட்டிக்கு ஆபத்து. நான் கொக்கியால தலைய அமுக்கிக்கிறேன், நீ திருகு" என்றார் சார்.

மறுநாள் காலை பல்பை அணைத்து ஆறவிட்டு, ஸ்குரூடிரைவரோடு கையை விட்டேன். குளிரில் விரியன் பழைய தாம்புக்கயிறு மாதிரிக் கிடந்தது. கால் சுற்றுத் திருகினேன். அப்பாடா என்று பல்பைப் போட்டு ஒரு மணி நேரம் பார்த்தால், அப்போதும் சூடு மிஞ்சியது. "எரியறப்பவே திருகுய்யா. அப்பதான் எங்க அணையுதுன்னு தெரியும்" என்றார். சூடு ஏற ஏற அதற்கு உயிர் வந்தது, எனக்கு உயிர் போனது.

கையை விட்டேன். சீறல் நிற்கவே இல்லை. ஸ்குரூடிரைவர் திருகில் உட்காராமல் ஆடியது. திடீரென்று கொக்கி வழுக்கியது. "எடு! எடு!" என்று சார் கத்தினார். கையை உருவினேன். கீழே விழுந்த ஸ்குரூடிரைவரில் டக்கென்று பல் பட்டது. பல்பு அணைந்திருந்தது. சார் தெர்மாமீட்டரைப் பார்த்து, "அளவு சரியா வந்துடுச்சு. பனி கூடிக்கிட்டே வருது, நாளைக்குக் காலையிலயும் ஒருவாட்டி திருகணும்" என்றார். நான் வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவள் முகமெல்லாம் சிரிப்பு. "பெரியப்பா வந்துட்டுப் போனாரு. கோழிக்குஞ்சு வளக்கறீங்களாமே! எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? வூட்டுக்கும் நாலு கொண்டாங்க, பொறக்கப்போற புள்ள வெளையாடும்."

"சரி" என்றேன்.

"இங்க வாங்க, உதைக்குது பாருங்க" என்று என் கையைப் பிடித்து வயிற்றுக்குக் கொண்டுபோனாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

"கை கழுவல" என்றேன்.

கொல்லையில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்படியும் போய் அவளைத் தொடத் துணிச்சல் வரவில்லை. நாளைக் காலையிலும் அந்தக் கையைத்தான் உள்ளே விட வேண்டும்.