ஆற்றுக்குக் கதவு

ஆற்றுக்குக் கதவு போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதலில் சந்தோஷப்பட்டவள் நான்தான். மலாக்காவில் வெயில் காலம் வந்தால் கடல் ஆற்றுக்குள் ஏறிவிடும். கடலோரத்தில் இருக்கும் தெங்கேராக்காரர்களுக்குக் கடல் வாசலோடு சரி. எங்களுக்கு அது குழாய் வழியாக அடுப்படிக்கே வந்துவிடும். அந்த மாதங்களில் எங்கள் காஜா பெராங்கில் எந்த வீட்டில் தேநீர் குடித்தாலும் உப்புக் கரிக்கும். சுதந்திரம் வந்துவிட்டது, நல்ல தண்ணீர்தான் இன்னும் வந்து சேரவில்லை என்று என் கணவரைச் சீண்டுவேன். அவர் ஆற்று இலாகாவில் மொழிபெயர்ப்புக் கிராணி, குமாஸ்தா வேலை. இரண்டுக்கும் தானே பொறுப்பு என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்.

கடல் ஏறும் நேரத்தில் கதவை மூடிவிட்டால் உப்பு மேலே வராது. நல்ல தண்ணீர் தேங்கி நிற்கும். புக்கிட் பாரு வரை குழாய் போடலாம். திட்டம் இவ்வளவுதான். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஒரு நாள் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"என்னங்க, குழம்புல ஏதும் கோளாறா?"

"குழம்பு நல்லாத்தான் இருக்கு. கதவு மூடியிருக்கும்போது மேல மழை பெஞ்சா, அந்தத் தண்ணி எங்க போய் நிக்கும்னு நினைக்கிற?"

பதிலையும் அவரே சொன்னார். "நம்ம வீட்டு வரிசையில. வரைபடத்துல தண்ணி நிக்கிற இடத்துக்கெல்லாம் நீலம் பூசியிருக்காங்க. நம்ம வீடு நீலத்துக்கு நடுவுல இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அத இன்னும் யாருக்கும் காட்டல. நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சா சீட்டக் கிழிச்சிடுவாங்க."

அவர் வேலை நிரந்தரமில்லை. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். நான் ஆறு மாதக் கர்ப்பிணி. அன்றிலிருந்து எனக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை. பலகை வீட்டுத் தரையைத் துடைக்கும்போதெல்லாம், இது எத்தனை நாளைக்கு இப்படி உலர்ந்து கிடக்கும் என்றுதான் ஓடும். வாயைத் திறந்தால் அவர் வேலை போகும், திறக்காவிட்டால் வீடு போகும். பயத்தில் அவர்மேல் எரிந்து விழுந்தேன், பாவம்.

திட்டத்தைப் பற்றி மக்கள் கருத்தைக் கேட்கப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் என்று அறிவித்தார்கள். கதவு எங்கே வரும், எங்கள் பக்கம் என்ன ஆகும் என்று கேட்டே தீருவது என்று எங்கள் வரிசை ஆண்கள் காப்பிக் கடையில் முடிவு செய்தார்கள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. யாராவது கேட்டுவிட்டால் நான் பேச வேண்டியதில்லை.

அந்தக் கூட்டத்துக்கும் மொழிபெயர்ப்பாளர் என் கணவர்தான், அவர் மொழிபெயர்க்கும் முறையை இங்கே சொல்ல வேண்டும். யார் பேசினாலும் அவர் அந்த ஆளாகவே மாறிப் பேசுவார். 'அவர் சொல்கிறார்' என்று ஒருநாளும் சொல்லமாட்டார். ஒரு தடவை ஒரு பால்காரர் வாய்க்காலில் விழுந்து செத்த எருமைக்காக முறையிட, இவர் கழுத்துப்பட்டையோடு எழுந்து நின்று, என் எருமை செத்துப் போய்விட்டது, நான் என்ன செய்வேன் என்று மலாயில் உருகினாராம். கேட்டு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மலாக்காச் செட்டிகள் திருநீற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். திருநீறு பூசியவர்களுக்கெல்லாம் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்பது இலாகாவின் முடிவு. இவர் தமிழில் வணக்கம் சொல்ல, அவர்கள் சிரித்துக்கொண்டே, எங்களுக்கு மலாயே போதும் என்று மலாயில் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் வீட்டில் மலாய்தான். அவர்கள் பக்கம் மேடு. கதவு வந்தால் நல்ல தண்ணீர், வேறு கவலையில்லை. கைதட்டினார்கள், அதில் தப்பும் இல்லை.

கூட்டத்தை நடத்திய இலாகாத் தலைவர், யாருக்காவது கேள்வி உண்டா என்றார். காப்பிக் கடை வீரர்கள் எல்லாரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்குப் பிரஜாவுரிமை மனு இன்னும் முடிவாகவில்லை. அரசாங்கத்தை எதிர்த்துப் பேசி வம்பை விலைக்கு வாங்க யாருக்குத் துணிச்சல் வரும்? தலைவர் கூட்டத்தை முடிக்கப் போனார். நான் எழுந்துவிட்டேன்.

"கதவு போடுங்க, வேணாங்கல. அது மூடியிருக்கும்போது மேல மழை பெஞ்சா தண்ணி எங்க வரிசையிலதான் நிக்கும். எங்க பக்கம் கரை கட்டிட்டு அப்புறம் மூடுங்க. நான் புள்ளத்தாச்சி. தண்ணியில ஓட முடியாது."

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. மேசைப் பக்கம் திரும்பி, ஒரு வார்த்தை விடாமல் மலாயில் சொன்னார். நான் பிள்ளைத்தாய்ச்சி, என்னால் தண்ணீரில் ஓட முடியாது என்று கழுத்துப்பட்டையோடு அவர் சொன்னபோது மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பக்கத்தில் இருந்த இலாகாப் பொறியாளர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் முகம் இறுகியது. வரைபடத்தை இன்னும் வெளியிடவே இல்லையே, இந்தப் பெண்ணுக்கு யார் சொன்னது என்றார்.

இவர் என் பக்கம் திரும்பினார். "இதை உங்களுக்கு யார் சொன்னார்கள்?" கல்யாணமான நாளிலிருந்து என்னை அவர் 'நீங்கள்' என்று சொன்னதில்லை.

"யாரும் சொல்லல. மழை பெஞ்சா தண்ணி எங்க நிக்கும்னு அங்கயே குடியிருக்கிறவளுக்குத் தெரியாதா?" என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பதில். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அவர் தலைவரைப் பார்த்து, "என் கணவர் சொன்னார்" என்றார். மீன் வாங்கும் அளவுக்குத்தான் எனக்கு மலாய் தெரியும். அது புரிய அவ்வளவு போதும். பிறகு, "அந்தக் கணவன் நான்தான், துவான்" என்றார்.

"அவள் நீளமாக ஏதோ சொன்னாளே?" என்றார் தலைவர்.

"இவ்வளவுதான், துவான்."

வீட்டுக்கு வரும் வழியில் அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். "நான்தான் மறைச்சிட்டேனே, நீங்க எதுக்குப் போட்டு உடைச்சீங்க?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். "குடியிருக்கிறவ சொன்னான்னா, ஏதோ பயத்துல உளறுறான்னு விட்டுடுவாங்க. வரைபடத்தப் பார்த்தவன் சொன்னான்னா விட முடியாது." எனக்கு அழுகை வந்தது. அவருக்கும் பயம்தான், சைக்கிளை வாசலில் சாத்த மறந்து உள்ளே வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

எங்கள் பக்கம் கரை எழுந்தது. அதற்குப் பிறகுதான் கதவைப் போட்டார்கள். அதற்கு முன்பே அந்த வருடக் கடைசியில் அவர் வேலையைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள். காரணம் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

கதவு மூடியிருந்த ஒரு காலையில் மேலே மழை கொட்டித் தீர்த்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். செம்மண் தண்ணீர் கரை விளிம்பு வரை ஏறி, அங்கேயே நின்றது. எங்கள் படி நனையவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் நாள். அவர் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.