தோட்டத்து ஆம்புலன்ஸ்காரர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆம்புலன்சை ஓட்டியவர் மெலிந்த மனிதர். காக்கிச் சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். பெக்டரியில் தீயணைக்கும் பயிற்சி எடுத்தவர் என்று ஆம்புலன்ஸ் வேலையையும் அவருக்கே கொடுத்திருந்தார்கள்.

மூச்சுத் திணறிய என் மனைவியை ஏற்றிப் போனபோது, வட்டகொடைப் பாதையில் வளைவுக்கு வளைவு, "அக்கா பேசுறாங்களாண்ணே?" என்று கேட்டார். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. அதைத் திறக்க எங்கள் இருவருக்கும் தெரியாது.

"மருந்து தெரிஞ்சவங்க யாரும் கூட வரமாட்டாங்களா தம்பி?"

"கேட்டோம்ண்ணே. தீயணைக்கப் படிச்சவன், நீயே போதும்னாரு தோட்டத்துத் தொரை. அக்கா என்ன பெக்டரியா, தீப்பிடிச்சு எரிய?"

ஆஸ்பத்திரியில், வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள்.

"எந்த எடத்துலன்னு தெரியுமாண்ணே?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரிந்து அவர் என்ன செய்திருப்பார் என்பது இன்றுவரை புரியவுமில்லை.