எல்லையில்லாத உலகமும் பூட்டுன கேட்டும்

போன ஞாயிறு பதுளைக் கூட்டத்துல ஒரு தோழர் அகதிகளப் பத்திப் பேசுனாரு. உலகத்துக்கு எல்லையே கூடாதுன்னாரு. கை வலிக்கத் தட்டுனேன்.

இன்னைக்கு வாடகைக்கு வீடு கேட்டுப் போனா, வீட்டுக்காரரே அவருதான்.

கேட்டைத் தெறக்காமலே கேட்டாரு: "டீச்சருக்குச் சொந்த ஊரு?"

"கொஸ்லந்த பக்கம் தேயிலைத் தோட்டங்க. அம்மா இன்னும் லயத்து வீட்டுலதான் இருக்காங்க."

"தோட்டத்து ஆளுங்கன்னா சொந்தக்காரங்க கூட்டமா வந்து தங்குவாங்களே. எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுல அவங்களுக்குச் சரிவராது."

திரும்பி நடந்தேன். கூப்பிட்டு, கம்பி வழியா ஒரு நோட்டீஸ நீட்டுனாரு.

"வர்ற ஞாயிறு பாலஸ்தீனத்துக்குக் கூட்டம். சொந்தக்காரங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க டீச்சர். ஆள் பத்தாது."

அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "வந்தா ராத்திரி எங்கடி தங்குறது?"ன்னு கேக்குறாங்க.

தோழர் என்னோட இந்த ஃபேஸ்புக் பக்கத்துக்கு அடிக்கடி வருவாரு. அவரே பதில் சொல்லட்டும்.